மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனங்களைப் பாலே குழுவுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009 ஜூலையில், 90 வயதில், நியூயார்க்கில் காலமானார். 1953-ல் அவர் தொடங்கிய குழு, அவர் உயிரோடிருந்தபோதே அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, 2010-லும் 2011-லும் பல நாடுகளில் ஆடிவிட்டு, 2011 டிசம்பர் 31 அன்று அதே நகரின் பார்க் அவென்யூ ஆர்மரியில் இறுதி நிகழ்ச்சியை நடத்திக் கலைந்தது. அன்றுமுதல் அவருடைய நடனங்களைப் பிற குழுக்களும் மாணவர்களும் ஆடிக் காப்பாற்றுகிறார்கள். இந்தப் பணியில் பாலே குழுக்களின் பங்கு பெரியது: பாரிஸ் ஓப்பெரா பாலே, லியோன் ஓப்பெரா பாலே, நான்சி நகரின் பாலே டி லோரேன், நியூயார்க் சிட்டி பாலே, லண்டனின் ராயல் பாலே எல்லாம் அவர் படைப்புகளை மேடையேற்றியிருக்கின்றன. அரங்கேற்றும் உரிமையை மெர்ஸ் கன்னிங்ஹாம் அறக்கட்டளை வழங்குகிறது. அதன் சார்பில் போய்க் கற்றுக்கொடுப்பவரை ஸ்டேஜர் என்கிறார்கள். அவர் பெரும்பாலும் அந்தப் பழைய குழுவில் ஆடி ஓய்ந்த ஒருவராகவே இருப்பார்.

அப்படி முதன்முறையாகப் போகவிருப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தம் உடம்பில் தங்கியிருக்கும் ஒரு நடனத்தை, அதை ஆக்கியவரை நேரில் கண்டிராத இளம் பாலே கலைஞர்களிடம் எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதே கேள்வி. இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் கருதுவது ஒன்று உண்டு: நீங்கள் கொடுத்துவிட்டு வருவது உங்கள் சாயலாக ஆகிவிடக்கூடாது. எந்த நொடியில், எந்த இடத்தில், எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதைப் பிழையின்றிக் கொடுத்துவிட்டால், அந்த இளைஞரின் உடம்பு அதற்குத் தன் முகத்தைத் தானே கொடுத்துக்கொள்ளும். பின்வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவை.

புறப்படுவதற்கு முன்

நீங்கள் ஆடிய பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் ஆடியது நினைவிருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். ஆகவே நினைவை நம்பிப் புறப்படாதீர்கள். அறக்கட்டளை 80-க்கும் மேற்பட்ட நடனங்களுக்கு டான்ஸ் கேப்ஸ்யூல் என்னும் மின்தொகுப்புகளை உருவாக்கி வைத்திருக்கிறது. நிகழ்ச்சிப் பதிவுகள், கன்னிங்ஹாமின் கையெழுத்துக் குறிப்புகள், ஒலி, ஒளியமைப்பு, உடை, அரங்கப் பொருள் பற்றிய விவரங்கள் அவற்றில் இருக்கின்றன. முதலில் பதிவைப் பார்த்து ஒவ்வொருவருடைய பகுதியையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஆடும் நடனத்துக்கு ஆறு குறிப்பேடுகள் தேவை. பிறகு ஒவ்வொன்றையும் நீங்களே எழுந்து நின்று, முழங்கால் அனுமதிக்கும் அளவுக்கு, நடந்தாவது பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் கண்ணால் மட்டும் கற்ற பகுதியைக் கற்பிக்கும்போது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்ற முதல் கேள்விக்கே நீங்கள் தடுமாறுவீர்கள்.

பதிவுகளிலும் பொறிகள் உண்டு. ஒரு பதிவு என்பது ஒரு மாலையின் நிகழ்ச்சி. அன்று ஒருவர் அரை நொடி தாமதமாகப் புறப்பட்டிருக்கலாம், இன்னொருவர் தவறான பக்கம் திரும்பியிருக்கலாம். அந்தப் பிழையை விதியாக்கிக் கற்பித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே மூலமாகிவிடும். வெவ்வேறு ஆண்டுகளின், வெவ்வேறு கலைஞர்களின் பதிவுகளை ஒப்பிடுங்கள். அவை முரண்படும் இடத்தில் கையெழுத்துக் குறிப்பைத் தேடுங்கள். குறிப்பும் பேசாத இடத்தில் அந்தப் பகுதியை முன்பு ஆடியவரிடம் கேளுங்கள். கேமரா ஒரு மூலையில் இருந்து எடுத்த படத்தில் மேடையின் ஆழம் சுருங்கித் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்த விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. ஒத்திகை நாட்களின் எண்ணிக்கை, யார் ஆடுவது என்பதில் உங்களுக்குள்ள சொல், நாள்தோறும் கன்னிங்ஹாம் முறை வகுப்பு நடத்த நேரம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். மூன்றாவதைத்தான் குழுக்கள் முதலில் குறைக்கப் பார்க்கும். காலை பாலே வகுப்பு, மதியம் ‘ஸ்வான் லேக்’ ஒத்திகை, இடையில் உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்பதுதான் பெரிய குழுக்களின் நடைமுறை. வகுப்பை விட்டுக்கொடுத்தால் நடனத்தையே விட்டுக்கொடுத்ததாகும் என்பது என் உறுதியான கருத்து.

யார் ஆடுவது

பாலே குழுக்களில் படிநிலை உண்டு. முதன்மைக் கலைஞர்களின் பட்டியலோடு இயக்குநர் உங்களை வரவேற்பார். மரியாதையோடு வாங்கி வைத்துக்கொண்டு, குழு முழுவதற்கும் இரண்டு மூன்று நாள் வகுப்பு எடுக்க அனுமதி கேளுங்கள். வகுப்பில் காலின் உயரத்தைப் பார்க்க வேண்டாம். அது அவர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது மேலுடலைத் திருப்பச் சொன்னால் பதறாதவர் யார், ஐந்தும் ஏழும் பதினொன்றுமாக மாறி வரும் எண்ணிக்கையில் தொலைந்தாலும் நிற்காமல் மீண்டும் வந்து சேர்கிறவர் யார், பக்கத்தில் ஆடுபவரைத் தலை திருப்பாமலே உணர்கிறவர் யார் என்று பாருங்கள். கடைசி வரிசையில் நிற்கும் இளையவர் ஒருவரே பலமுறை இந்த மூன்றுக்கும் விடையாக இருப்பார்.

முதுகிலிருந்து தொடங்குங்கள்

கன்னிங்ஹாம் வகுப்பில் பாலேயில் உள்ளது போன்ற பிடிக்கம்பு இல்லை. கூடத்தின் நடுவே நின்றபடி முதுகுப் பயிற்சியில்தான் வகுப்பு தொடங்கும். நிமிர்வு, முன்வளைவு, பின்வளைவு, திருகல், பக்கச்சாய்வு என முதுகுக்கு ஐந்து நிலைகள். பாலே கலைஞர்கள் கால்களில் கொண்டுவரும் கூர்மையை இந்த முறை அப்படியே ஏற்றுக்கொள்கிறது; அதோடு முதுகுத்தண்டும் கால்களுக்கு நிகராக, கால்களைச் சாராமல் இயங்க வேண்டும் என்று கேட்கிறது. இங்கேதான் சிக்கல் எழும். கால் பின்னால் உயரும்போது மேலுடல் ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்று பத்து வயதிலிருந்து பழகிய உடம்பு, அதே காலை உயர்த்தி மேலுடலை முன்னால் வளைக்கச் சொன்னால் மறுக்கும். அந்த மறுப்பை நீங்கள் பொறுமையோடு எதிர்பார்க்க வேண்டும்.

வழி இதுதான்: பிரித்துக் கொடுங்கள். முதலில் கால்களின் அசைவை மட்டும், கைகளை இடுப்பில் வைத்தபடி, முழு வேகம் வரும்வரை பழக்குங்கள். அடுத்து முதுகின் மாற்றங்களை நின்ற இடத்திலேயே, எண்ணிக்கையோடு. பிறகு இரண்டையும் மிக மெதுவாகச் சேருங்கள். கைகள் கடைசியில் வரட்டும். 1990-களில் கணினியில் அசைவுகளை அமைக்கத் தொடங்கிய பிறகு கன்னிங்ஹாமே இப்படிக் கால், உடல், கை என்று அடுக்கடுக்காகக் கற்பித்தார். ‘பைப்பெட்’ போன்ற அந்தக் காலத்துப் படைப்புகளைக் கற்பிக்கும்போது இதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய படைப்புகளுக்கும் இது நன்மையே செய்யும்.

இரண்டாவது தடை ஆயத்தம். பாலேயில் சுழற்சிக்கு முன் ஒரு தாழ்வு, குதிப்புக்கு முன் ஒரு மூச்சு, தூக்குவதற்கு முன் ஒரு பார்வை உண்டு. பார்ப்பவரும் அதை அசைவின் பகுதியாகவே ரசிக்கிறார். கன்னிங்ஹாம் நடனத்தில் ஒரு செயல் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும், இடையே அறிவிப்பு கிடையாது. ஆயத்தத்தை நீக்கச் சொன்னால் கலைஞருக்குத் தாம் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் வரும், சில நாட்கள் விழவும் செய்வார். எடையை முன்கூட்டியே எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதை அவரோடு சேர்ந்து தேடுங்கள். விழும் நாட்களில் அவரைப் பாராட்டுங்கள். விழாமல் பழைய ஆயத்தத்தை ஒளித்துச் செய்பவரைத்தான் திருத்த வேண்டும்.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான கன்னிங்ஹாம் நடனங்கள் வெறுங்காலில் ஆடப்படுபவை. காலணிக்குள் வாழ்ந்த பாதத்தின் தோல் சுழற்சியில் கிழியும், கெண்டைக்கால் முதல் வாரத்தில் இறுகும். முதல் நாளிலேயே எல்லாச் சுழற்சிகளையும் முழுதாகச் செய்யச் சொல்லாமல், காலுறையோடு தொடங்கி, நாளுக்கு நாள் வெறுங்கால் நேரத்தைக் கூட்டுங்கள். குழுவின் பிசியோதெரபிஸ்டிடம் இதை முன்பே பேசிவிடுவது நல்லது.

இசை இல்லாமல் நேரத்தைக் கற்பிப்பது

பாலே குழுவுக்கு மிகக் கடினமானதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் 1944-ல் நியூயார்க்கில் சேர்ந்து முதல் நிகழ்ச்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கூட்டுழைப்பில் இசையும் நடனமும் படிப்படியாக ஒன்றையொன்று சாராதவையாயின. கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியது மொத்த நீளம் மட்டுமே. நடனக் கலைஞர்கள் இசையை முதல் நிகழ்ச்சியன்றுதான் கேட்டார்கள் என்பது பல படைப்புகளுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது: 1953-ன் ‘செப்டெட்’ பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் இசையோடு இணைந்தே செல்வது. நீங்கள் கற்பிக்கப்போகும் படைப்பு எந்த வகை என்பதை உறுதிசெய்துகொண்டு போங்கள்.

பாலே கலைஞர் இசையைத் தாளத்துக்காக மட்டும் கேட்பதில்லை. களைத்த உடம்பை அடுத்த தொடருக்கு உந்துவதும் அவருக்கு இசைதான். அதை எடுத்துவிட்டால் சிலர் மெல்லமெல்லத் தளர்வார்கள், சிலர் பயத்தில் வேகமெடுப்பார்கள். ஒத்திகையில் ஏதாவது பியானோ இசையை ஓடவிட்டால் கூடம் உடனே சுறுசுறுப்படையும். ஆனால் அந்த இசை உடம்பில் குடியேறிவிடும், பிறகு அதை வெளியேற்ற முடியாது. ஆகவே வகுப்பில் பக்கவாத்தியம் இருக்கட்டும், நடன ஒத்திகையில் அமைதியே இருக்கட்டும்.

முதலில் எண்ணிக்கை. ஒவ்வொரு தொடரையும் நீங்கள் உரக்க எண்ணுங்கள்; அடுத்து கலைஞர்களே உரக்க எண்ணட்டும்; பிறகு மனத்துக்குள். எண்ணிக்கை நிலைபெற்றதும் ஸ்டாப்வாட்சை எடுங்கள். ஒரு பகுதி இரண்டு நிமிடம் பத்து நொடி என்றால், ஆடி முடித்த பின்பே அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் கவனம் கடிகாரத்தில் நிற்கும். நாள்தோறும் இப்படிச் சொல்லிவந்தால், இரண்டு வாரத்தில் அந்தப் பகுதியின் நீளம் அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிடுவதைக் காண்பீர்கள். அப்போது உடம்பின் இயல்பான வேகம் என்ற ஒன்றைத் தாங்கள் இதுவரை அறிந்திருக்கவே இல்லை என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது கண்ணும் காதும். இசை இல்லாத இடத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் குறிப்பாகிறார்: வலப்பக்கம் நிற்பவர் கையை இறக்கும்போது நான் புறப்படுகிறேன், பின்னால் குதிப்பவரின் பாத ஒலி மூன்றாம் முறை கேட்டதும் நான் திரும்புகிறேன் என்பது போல. இந்தக் குறிப்புகளை ஒரு பட்டியலாக எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். யாராவது ஒருவர் நோயுற்று மாற்றுக் கலைஞர் வரும்போது அசைவுகளைவிட இந்தப் பட்டியலே காப்பாற்றும்.

மேடைக்கு மையம் இல்லை

பாலே மேடைக்கு முன்பக்கம் உண்டு, நடு உண்டு. அங்கே நிற்பவரே முக்கியமானவர். எந்தப் புள்ளியும் மற்றொன்றுக்குச் சமம் என்பது கன்னிங்ஹாமின் நிலை. 1958-ன் ‘சம்மர்ஸ்பேஸ்’ இதற்குச் சிறந்த பாடம். மேடைக்கு வர ஆறு வழிகள். அவற்றை ஒன்றோடொன்றும், வந்த வழியே திரும்புவதாகவும் இணைத்தால் 21 பாதைகள். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அசைவுத் தொகுதி. யார் எப்போது எந்தப் பாதையில் எந்த வேகத்தில் என்பதைத் தற்செயல் முறையால், அதாவது நாணயம் சுண்டிப் பார்ப்பது போன்ற வழிகளால், தீர்மானித்தார். ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் பின்திரையையும் உடைகளையும் ஒரே வகைப் புள்ளிகளால் நிரப்பியதால், அசையாமல் நிற்பவர் திரைக்குள் மறைந்துபோவதுபோல் இருப்பார். மோர்டன் ஃபெல்ட்மனின் இசையிலும் தொடர்ந்து பற்றிக்கொள்ளத் தாளம் கிடைக்காது.

இந்த நடனத்தைக் கற்பிப்பவர் முதலில் அந்த 21 பாதைகளையும் தரையில் வண்ண டேப்பால் குறித்து, அசைவே இல்லாமல் நடக்கச் செய்வது நல்லது. பிறகு கண்ணாடியைத் திரையிட்டு மூடுங்கள். ஒருநாள் கண்ணாடிச் சுவரை முன்பக்கமாகவும், மறுநாள் ஜன்னல் பக்கத்தை முன்பக்கமாகவும் கொண்டு ஒத்திகை நடத்துங்கள். எங்கே திரும்புவது என்பதை அறையின் அடையாளங்களை வைத்து நினைவில் கொண்டவர் அன்று தொலைந்துபோவார். உடன் ஆடுபவரையும் தம் உடம்பையும் வைத்துக் கற்றவர் தொலையமாட்டார்.

‘சம்மர்ஸ்பேஸ்’ குறித்துக் குழு இயக்குநர்கள் தவறாமல் எழுப்பும் ஒரு கேள்வி உண்டு. 1966-ல் நியூயார்க் சிட்டி பாலேக்கு இதைக் கொடுத்தபோது பெண்கள், கால்விரல் நுனியில் நிற்க உதவும் பாயிண்ட் காலணியில் ஆடினார்கள். அப்படியானால் நாங்களும் ஆடலாமா? அந்த மாற்றத்தைச் செய்தவர் படைப்பாளி. நீங்கள் படைப்பாளி அல்லர். கேள்வியை அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டு வெறுங்காலோடு ஒத்திகையைத் தொடருங்கள்.

முகத்தில் என்ன இருக்க வேண்டும்

“இந்த இடத்தில் நான் என்ன உணர வேண்டும்?” என்று நல்ல பாலே கலைஞர் கண்டிப்பாகக் கேட்பார். கேட்பது அவருடைய பயிற்சியின் சிறப்பு. அதை ஏளனம் செய்யாதீர்கள். கதையொன்றைப் புனைந்து கொடுக்கவும் செய்யாதீர்கள். கன்னிங்ஹாம் உணர்ச்சியை அறியாதவர் அல்லர்: 1951-ல் அவர் அமைத்த ‘பதினாறு நடனங்கள்’ நம் அழகியல் மரபின் ஒன்பது ரசங்களை அடிப்படையாகக் கொண்டது, தற்செயல் முறையை அவர் முதலில் கையாண்டதும் அதில்தான். பின்னாளில் அவர் உணர்ச்சியை அசைவின் மேல் தனியே பூசுவதை விட்டு, அசைவை முழுமையாகச் செய்யும் உடம்பில் அது தானே தெரியட்டும் என்று விட்டார். ஆகவே உங்கள் பதில் செயலைச் சுட்டட்டும்: கையை உயர்த்துவதற்கு எட்டு எண்ணிக்கை இருக்கிறது, நீங்கள் ஐந்தில் முடித்துவிட்டு மூன்றில் காத்திருக்கிறீர்கள், அந்த எட்டையும் பயன்படுத்துங்கள். இப்படித் திருத்தியதும் அந்த முகத்தில் வரும் கவனத்தை நடிப்பால் கொண்டுவர முடியாது. அதே நேரத்தில், எந்த உணர்ச்சியும் இல்லாததுபோல் முகத்தை இறுக்கிக்கொள்வதும் ஒரு நடிப்பே. அதையும் திருத்த வேண்டும்.

அசைவைச் சொல்லும்போது வினைச்சொற்களையே நாடுங்கள். ‘மிதப்பதுபோல’ என்று சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாக மென்மையாவார்கள். ‘இடுப்பைத் திருப்பு, தோளை விட்டுவிடு, பிறகு எடையை மாற்று’ என்றால் பத்துப் பேரும் ஒரே செயலைத் தத்தம் விதத்தில் செய்வார்கள்.

படைப்புக்குப் படைப்பு வேறுபடுபவை

‘ரெயின்ஃபாரஸ்ட்’ (1968) ஆடப்போகிறவர்களுக்கு, அதன் அரங்கப் பொருளான, ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வெள்ளித் தலையணைகள் ஒத்திகைக் கூடத்துக்கே வர வேண்டும். ஹீலியம் நிரம்பிய அவை கலைஞர் நடந்துபோகும் காற்றிலேயே நகரும். காலில் படும், எதிர்பாராத இடத்தில் நிற்கும். மேடையில் முதன்முறையாக அவற்றைச் சந்திப்பவர் அவற்றைத் தவிர்க்கப் பார்ப்பார், அல்லது அவற்றோடு விளையாடுவார், இரண்டுமே கூடாது. ‘சவுண்ட்டான்ஸ்’ (1975) வேறு விதமான சோதனை. பாரிஸ் ஓப்பெரா பாலேக்கு 1973-ல் ஒரு படைப்பைச் செய்துகொடுத்துத் திரும்பிய கன்னிங்ஹாம், அங்கே கண்ட ஒழுங்குக்கு எதிர்வினையாக, வேகமும் திருகலும் நெரிசலும் நிறைந்த இந்த நடனத்தைப் பத்துப் பேருக்கு அமைத்தார். ஏறக்குறைய 17 நிமிடம், இசையமைப்பாளர் டேவிட் டியூடரின் மிக உரத்த ஒலி. இதற்கு மூச்சுப் பயிற்சி தனியாகத் தேவை. முழு ஓட்டத்தை வாரத்தில் ஒருமுறை என்று தொடங்கி, கடைசி வாரத்தில் நாள்தோறும் ஓட வையுங்கள். பாலேக்கு மறுமொழியாகப் பிறந்த நடனத்தைப் பாலே டி லோரேன் போன்ற குழுக்கள் இன்று அவ்வளவு துணிவோடு ஆடுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

அரங்குக்குப் போன பிறகு

மேடை ஒத்திகையின் முதல் ஓட்டம் அமைதியிலேயே நடக்கட்டும். ஒளியும் தரையும் பக்கத்திரைகளும் புதியவை, அவை போதும். இரண்டாம் ஓட்டத்தில் இசையைச் சேருங்கள். ஒலி உரத்துவிட்டால் பாத ஒலியைக் குறிப்பாகக் கொண்டவர்கள் திணறுவார்கள் என்பதால், அப்படிப்பட்ட இடங்களுக்குக் கண்ணால் அறியும் குறிப்பு ஒன்றை முன்பே கொடுத்து வையுங்கள். இசையில் ஓரிடத்தில் தம் குதிப்பு அழகாகப் பொருந்திவிட்டது என்று ஒருவர் மகிழ்ந்து, மறுநாள் அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்குவார். அதை அன்றே கவனித்து, அவரைத் தனியே அழைத்து எண்ணிக்கைக்குத் திருப்புங்கள்.

முதல் நிகழ்ச்சிக்குப் பின் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். நடனத்தைக் காக்கப்போகிறவர் அந்தக் குழுவின் ஒத்திகைகளை நடத்தும் பாலே மாஸ்டர். அவரை முதல் நாளிலிருந்தே உங்கள் அருகில் உட்காரவையுங்கள். எண்ணிக்கைகள், குறிப்புப் பட்டியல், ஒவ்வொரு பகுதியின் நேரம் ஆகியவை அவருடைய கையெழுத்தில் இருக்கட்டும். உங்கள் ஏட்டின் நகல் அவருக்குப் பாதிதான் பயன்படும். கடைசி வாரத்தில் ஓர் ஒத்திகையை முழுவதும் அவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் பின்வரிசையில் பேசாமல் இருந்து பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் கற்பித்தலில் இடைவெளி இருக்கிறது, அதை அன்று மாலையே நிரப்புங்கள். சில மாதம் கழித்து நடனம் மீண்டும் மேடையேறும்போது இரண்டு மூன்று நாள் வந்து பார்க்க ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருந்தால், வந்ததும் முதலில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். நேரம் மாறியிருக்கும் பகுதியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.